சீனக்குடா வானில் மிதந்த ஒளிப்புள்ளி

பப்ஜி விளையாடுற எல்லோருக்கும் ‘ரெட் டாட்’ தெரியும். கீழே கிடந்தால் ஓடிப்போய் எடுப்போம், துவக்கில் மாட்டுவோம். சில பிஸ்டல்களுக்கும் அது பொருந்தும். புள்ளி எங்கே நிற்குதோ சன்னம் அங்கே போகும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் புள்ளியின் மூத்த தலைமுறை ஒன்று 1942இல் எங்கட திருகோணமலை வானத்திலேயே பறந்திருக்கு எண்டு சொன்னால் நம்புவீங்களா?

அதற்கு முதல் ஒரு சின்ன விளக்கம். சாதாரண பிஸ்டலின் பின்பக்கத்தில் ஒரு வெட்டு இருக்கும், முன்பக்கத்தில் ஒரு மேடு இருக்கும். இரண்டையும் ஒரே கோட்டில் பிடித்து இலக்கின்மேல் வைக்கவேண்டும். அதாவது மூன்று பொருட்கள், மூன்று வெவ்வேறு தூரங்களில். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இந்தச் சிக்கலுக்கு 1900இல் வழி கண்டவர் டப்ளினைச் சேர்ந்த ஹோவர்ட் கிரப். இவர் தொலைநோக்கி செய்கிறவர். கொடைக்கானல் வானாய்வகத்துக்கு வந்த 20 அங்குலத் தொலைநோக்கியும் கிரப் பட்டறையினுடையதுதான். ஒளிரும் குறி ஒன்றை வில்லை வழியாக அனுப்பிக் கண்ணாடியில் தெறிக்கவிட்டால், அது வெகுதூரத்தில் மிதப்பதுபோலத் தெரியும். கண் இலக்கிலேயே இருக்கலாம். தலை கொஞ்சம் அசைந்தாலும் குறி இலக்கைவிட்டு விலகாது.

இந்த யோசனையை முதலில் பெரிதாகப் பயன்படுத்திக்கொண்டவை பிஸ்டல்கள் அல்ல, போர்விமானங்கள். இரண்டாம் உலகப்போர் வந்தபோது பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானத்தில் கிளாஸ்கோவின் பார் அண்ட் ஸ்ட்ரௌட் நிறுவனம் செய்த கண்ணாடி இருந்தது. ஜப்பானிய சீரோ விமானத்தில் ஜெர்மன் வடிவத்தைத் தழுவிய ‘98’ வகைக் கண்ணாடி இருந்தது.

இரண்டும் இங்கே சந்தித்தன. 1942 ஏப்ரல் 5இல் கொழும்பைத் தாக்கிய நகுமோவின் கப்பற்படை, ஏப்ரல் 9 காலையில் திருகோணமலைக்கு வந்தது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் கிளம்பின. சீனக்குடா தளத்திலிருந்து 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன்கள் மேலே எழுந்தன.

அந்த விமானியின் நிலையை நினைத்துப் பாருங்கள். முன்னால் கண்ணாடியில் ஒளிவட்டமும் நடுவில் புள்ளியும். எதிரி விமானத்தின் இறக்கை எவ்வளவு அகலம், எவ்வளவு தூரத்தில் சுடப்போகிறோம் என்பதை அவர்தான் கணித்துக் குமிழ்களைத் திருப்பவேண்டும். பறக்கும் இலக்குக்கு எவ்வளவு முன்னால் சுடுவது எண்டும் அவர்தான் தீர்மானிக்கவேண்டும். இருபக்கமும் கிட்டத்தட்ட ஒரே கண்ணாடிதான். ஆனால் எண்ணிக்கையும் அனுபவமும் ஜப்பானியர் பக்கம் இருந்தன. துறைமுகமும் விமானத்தளமும் தாக்கப்பட்டன. குண்டுபட்டு எரிந்த சகாயிங் கப்பல், 2018இல் கடற்படை மிதக்கவிடும்வரை துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தது. ஆபத்து வருது எண்டு முதல்நாளே துறைமுகத்தைவிட்டு அனுப்பப்பட்ட ஹேர்மஸ், விமானமே இல்லாத விமானந்தாங்கிக் கப்பலாக, அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அதில் 307 பேர் இறந்தார்கள்.

போருக்குப் பிறகு இந்தக் கண்ணாடி மெல்ல மெல்லச் சுருங்கியது. 1975இல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் நிறுவனம் பற்றரியில் எரியும் சிவப்புப் புள்ளியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றைக்கு அது பெருவிரல் அளவில் பிஸ்டலின் மேல் உட்காருது. அதைத் தெரிவுசெய்கிறவர்கள் பார்ப்பதும் பழைய கேள்விகளைத்தான். புள்ளி பெரிதென்றால் கண் சட்டென்று பிடிக்கும், ஆனால் இலக்கை மறைக்கும். 6 எம்ஓஏ புள்ளி 25 மீற்றரில் நாலு சென்ரிமீற்றருக்கும் மேல் மூடும், 2 எம்ஓஏ புள்ளி ஒன்றரைதான். திறந்த வகையில் மழைத்துளி விளக்கின்மேல் விழுந்தால் புள்ளி சிதறும். எங்கட மார்கழி மழைக்கு மூடிய வகைதான் தாங்கும். சுடும்போது பிஸ்டலின் மேற்பகுதி ஒவ்வொரு தடவையும் பின்னால் அடித்துத் திரும்பும், அந்த அதிர்வையும் அது தாங்கவேண்டும். இவ்வளவு இருந்தும் ஒலிம்பிக் பிஸ்டல் போட்டிகளில் இதற்கு இடமில்லை. அங்கே இன்றும் வெட்டும் மேடும்தான்.

நாங்கள் இதை எழுதுவது துவக்கு ஆசையில் இல்லை. இந்த மாவட்டத்தில் துவக்கு விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. 1942க்குப் பிறகு வந்த யுத்தத்தில் எங்கட ஊர்ச்சனத்தில் கனபேர் அதன் பின்னால் நின்று பார்த்தவர்கள் அல்ல, முன்னால் நிற்கவைக்கப்பட்டவர்கள். புள்ளி துவக்கு எந்தப் பக்கம் பார்க்குது எண்டு மட்டும்தான் சொல்லும். அங்கே நிற்கிறது யார் எண்டு அதற்குத் தெரியாது.

போர் வரலாறும் பெரும்பாலும் அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துதான் எழுதப்படுது. ஏப்ரல் 9இல் பறந்த விமானங்களின் பெயர், மூழ்கிய கப்பல்களின் பெயர் எல்லாம் எளிதாகக் கிடைக்குது. நிலாவெளி வீதியில் உள்ள போர்க் கல்லறையில் படைவீரர்களின் பெயர்கள் கல்லில் இருக்கு. அன்றைக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் பெயர்களைத்தான் தேடவேண்டியிருக்கு. உங்கட வீட்டில் அம்மம்மா, தாத்தா யாராவது ‘யப்பான்காரன் குண்டு போட்ட நாள்’ எண்டு கேள்விப்பட்ட கதை சொன்னால், தயவுசெய்து எழுதி வையுங்கோ. அதை வேறு யாரும் எழுதப்போவதில்லை.