குலை நோய்க்கு மண்ணிலேயே மருந்து

தஞ்சை நெல் வயல்களுக்கு 1919-ஆம் ஆண்டு ஒரு சோதனைக் காலம். இலைகளில் கண் வடிவப் புள்ளிகள் தோன்றின. கதிரின் கழுத்து கருகி ஒடிந்தது, நெல் பதராயிற்று. இந்தியாவில் 1913-இல் முதன்முதலாகப் பதிவான குலை நோய், காவிரிப் பாசனப் பகுதியில் அந்த ஆண்டில்தான் கொள்ளை நோயாகப் பரவியது. காரணம், ஒரு நுண்ணிய பூஞ்சை.

இதற்கு மருந்து எங்கே கிடைத்தது தெரியுமா? மண்ணில்! 1958-இல் பிளாஸ்டிசிடினையும் 1965-இல் காசுகாமைசினையும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்து மண் பாக்டீரியாக்களிலிருந்து ஜப்பானியர் கண்டறிந்தனர். ஆனால் முன்னது கண்ணைத் தாக்கும் நஞ்சு. பின்னதைத் தாங்கும் பூஞ்சைகள் சில ஆண்டுகளிலேயே தோன்றிவிட்டன.

மருந்தைப் பிரித்தெடுப்பதற்குப் பதிலாகப் பாக்டீரியாவையே வயலுக்கு அனுப்பினால் என்ன? சென்னைப் பல்கலைக்கழக அறிஞர் ஞானமாணிக்கம், மியூ என்பவருடன் சேர்ந்து 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். சூடோமோனாஸ் பாக்டீரியா சுரக்கும் எதிர் உயிரிப் பொருள் குலை நோயை அடக்குவதை அது காட்டியது. 1997-இல் வித்யாசேகரன் குழுவினர், சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸைத் தூள் வடிவில் நெல்லுக்கு இடும் முறையை வெளியிட்டனர்.

புற ஊதாக் கதிர் பட்டால் ஒளிரும் நிறமி ஒன்றை இது சுரக்கிறது. பெயர்க் காரணம் அதுவே. அந்த நிறமி மண்ணிலுள்ள இரும்பைப் பற்றிக்கொள்வதால் பூஞ்சைக்கு இரும்பு கிட்டுவதில்லை.

ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் தூள் போதும். ஆனால் நாம் இடுவது உயிருள்ள பொருள். காலாவதியான பொட்டலத்தையோ, பூஞ்சைக்கொல்லியோடு கலந்த தூளையோ இட்டால் பயன் இராது.