கெர்னல் பிழையும் தொகுப்பி மீதான பழியும்: ‘சக்தி’ செயலியை முன்வைத்து

கோவைப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் கெர்னல் தொகுப்பு பாதியில் பிழை காட்டி நின்றால், ‘பழைய ஜிசிசியைப் போட்டுப் பாருங்க’ என்ற யோசனைதான் முதலில் வரும். பல நேரம் அது பலித்தும் விடுகிறது. பலித்துவிடுவதாலேயே பிழை எங்கே பிறந்தது என்று யாரும் தேடுவதில்லை. ‘தொகுப்பி வேறுபாடு’ என்று ஒரே பெயரில் வழங்கும் பிழைகள் வெவ்வேறு கருவிகளிடமிருந்து வருபவை என்பதும், செய்தியைச் சொன்ன கருவி எது என்று பார்க்காமல் செய்யும் மருத்துவம் குருட்டாம்போக்கானது என்பதும் என் வாதம்.

ஜிசிசி என்ற தொகுப்பியின் பத்தாம் பதிப்பு வெளியானது 2020இல். பழைய கெர்னல்களில், வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயைத் தொகுக்கும் டிடிசி என்ற சிறு நிரலில் yylloc என்ற மாறி இரண்டு கோப்புகளில் வரையறுக்கப்பட்டிருந்தது. அதுவரை இரண்டும் பொதுப் பகுதியில் வைக்கப்பட்டு, லிங்கரால் ஒன்றாக்கப்பட்டன. ஜிசிசி 10 அந்த இயல்புநிலையைக் கைவிட்டது. இரட்டை வரையறை என்று லிங்கர் மறுத்தது. உபுண்டு 20.04இல் தொகுக்க முடிந்த அதே கெர்னல் 22.04இல் நின்றது இதனால்தான். இங்கே பலரும் இடறுவது வேறொரு இடத்தில். டிடிசி ஓடுவது நம் கணினியில். அதைத் தொகுப்பதும் நம் கணினியின் ஜிசிசிதான். கெர்னல் ஓடப்போகும் பலகைக்கான கிராஸ் கம்பைலரை எத்தனை முறை மாற்றினாலும் இந்தப் பிழை அசையாது. மிகையான ஒரு வரையறை வரியை நீக்கினால் போதும். குற்றம் எப்போதும் மூல நிரலில்தான் இருந்தது.

சென்னை ஐஐடியின் ‘சக்தி’ செயலி பின்பற்றும் ரிஸ்க்-5 கட்டமைப்பில் நிலைமை இன்னும் நுட்பமானது. சக்தி குழுவின் சில்லு 2018இல் லினக்ஸை இயக்கியது. அந்தக் காலத்தில் csrr, fence.i போன்ற கட்டளைகள் அடிப்படைத் தொகுதியான ‘ஐ’யிலேயே அடக்கம். பின்னர் விதிநூல் அவற்றை ஸிசிஎஸ்ஆர், ஸிஃபென்ஸை என்னும் தனி நீட்சிகளாகப் பிரித்தது. அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பினுட்டில்ஸ் தொகுதியின் 2022 பிப்ரவரியில் வந்த 2.38 பதிப்பு அந்தப் புதிய விதியை இயல்பாக்கவே, ஜிசிசியைத் தொடாமல் பினுட்டில்ஸை மட்டும் புதுப்பித்தவர்களுக்கும் கெர்னல் ‘தெரியாத கட்டளை’ என்று நின்றது. மறுத்தது அசெம்ப்ளர், வசவு வாங்கியது தொகுப்பி. செயலியோ அன்று போலவே அந்தக் கட்டளைகளை நிறைவேற்றிக்கொண்டுதான் இருந்தது!

தொகுப்பி ஏற்குமானால் அந்த நீட்சிகளின் பெயரை -march தேர்வில் சேர்க்கும்படி கெர்னலின் மேக்ஃபைல் திருத்தப்பட்டது. அதோடும் முடியவில்லை. கிளாங் என்ற மற்றொரு தொகுப்பியின் 17க்கு முந்தைய பதிப்புகளுக்கு அந்தப் பெயர்கள் தெரியாது. குனு அசெம்ப்ளரோ அவற்றைக் கேட்கிறது. பழைய கிளாங்கும் குனு அசெம்ப்ளரும் சேரும் இந்தச் சேர்க்கைக்காக, பழைய 2.2 விதிநூலையே பின்பற்றும்படி அசெம்ப்ளருக்குச் சொல்லும் தனி ஏற்பாடும் பிறகு தேவைப்பட்டது.

பழைய கருவிகளை உறையவைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. கோவை கணபதியில் பம்புசெட் கட்டுப்பாட்டுப் பலகை செய்பவர், விற்ற பலகைக்கு ஐந்தாண்டு கழித்தும் அதே பைனரியைத் தர வேண்டியவர். அவருக்கு உறைந்த கருவித்தொகுதி வணிகத் தேவை. மாணவருடைய நிலை அதுவல்ல. கெர்னல் பதிப்பும் ஜிசிசி பதிப்பும் மட்டும் இருக்கும் ஆய்வகக் குறிப்பேட்டிலிருந்து மேற்சொன்ன இரண்டாவது பிழையை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. as (அசெம்ப்ளர்), ld (லிங்கர்) இரண்டின் பதிப்பையும், பிழை வந்த கோப்பு கணினிக்கானதா பலகைக்கானதா என்பதையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்; V=1 என்று கொடுத்து மேக் ஓட்டினால் முழுக் கட்டளை வரியும் திரையிலேயே கிடைக்கும்.