'எங்கே உள்ளது?' என்பதும் 'உள்ளதா?' என்பதும்

ஒரு கோப்பு வட்டின் எந்தெந்த பிளாக்குகளில் பதிந்துள்ளது என்பதை அறிய லினக்ஸில் முதலில் இருந்த வழி 'ஃபிப்மேப்'. ஒருமுறை கேட்டால் ஒரு பிளாக்கின் எண்ணே கிடைக்கும். கேட்பதற்கு நிர்வாகி உரிமையும் வேண்டும். 2008 டிசம்பரில் வெளிவந்த 2.6.28ஆம் பதிப்பின் 'ஃபீமேப்', தொடர்ச்சியான பிளாக்குகளைத் தொகுத்துச் சொன்னது. சாதாரணப் பயனருக்கும் விடையளித்தது.

2011இல் நகலெடுக்கும் 'சிபி' நிரல் அவ்விடையை நம்பிக் கோப்பின் வெற்றிடங்களைத் தாண்டிச் செல்லத் தொடங்கியது. ஆனால், சற்றுமுன் எழுதப்பட்ட தரவு நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். வட்டில் அதற்கு இன்னும் இடம் ஒதுக்கப்பட்டிராது. அத்தகைய பகுதிகள் சில வேளைகளில் வெற்றிடமாகக் கொள்ளப்பட்டன. நகலில் சுழியங்களே எஞ்சின. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை.

'எங்கே உள்ளது?' என்ற வினாவின் விடையை 'உள்ளதா?' என்பதற்கும் விடையாகக் கொண்டதே கோளாறு. 2021இல் வந்த கோர்யூட்டில்ஸ் 9.0, தரவா வெற்றிடமா என்று மட்டும் வினவும் 'சீக்ஹோல்' முறைக்கு மாறியது.

வட்டவடையின் பேச்சுத் தமிழைப் பதிவுசெய்வோர்க்கும் இவ்வரலாறு பொருந்தும்: நகலை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் மூலத்தை அழித்தல் கூடாது.