அலசோராவின் இரும்பு

மடகாஸ்கரின் நடு மேட்டுநிலத்தில் இமெரினா அரசு பிறந்த கதையைக் கேட்டால், மன்னரின் பெயரோடு கூடவே இரும்பும் வந்துவிடும். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அலசோராக் குன்றில் ஆண்ட அந்த மன்னர் ஆண்ட்ரியமனேலோ. தாய்வழியில் அவர் அந்த மண்ணின் பழங்குடிகளான வசிம்பாக்களின் அரச குலம். தந்தையோ பிறகு வந்து குடியேறிய ஹோவா கூட்டம். தாயின் மக்கள் மீதே அவர் போர் தொடுத்தார். வசிம்பாக்களின் ஈட்டிக்குக் களிமண் முனை, அவருடைய ஈட்டிக்கு இரும்பு முனை என்கிறது மரபுக்கதை. போர் எப்படி முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மேட்டுநிலத்துக்கு இரும்பைக் கொண்டுவந்தவரே அவர்தான் என்றும் அந்தக் கதை சொல்லும். ஆனால், தீவின் கரையோரங்களில் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இரும்பு உருக்கிய தடயங்களை அகழாய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தீவு மக்களான மலகாசிகளின் கொல்லர் துருத்தி, குடைந்த மரத்தண்டுகள் இரண்டை நிறுத்தி, உள்ளே உந்துதண்டுகளை மாறி மாறி மேலும் கீழும் இயக்கிக் காற்றடிப்பது. இதே அமைப்பு இந்தோனேசியத் தீவுகளில் உண்டு. அங்கிருந்து கடல் கடந்து வந்த முன்னோரோடு வந்த கைத்தொழில் இது. ஆண்ட்ரியமனேலோ அதை அரசின் கருவியாக்கினார் என்று கொள்வதே பொருத்தம்.

அலசோராவைச் சுற்றி அவர் அகழி வெட்டி, வாயிலுக்குப் பெரிய கல் நிறுத்தினார். குன்றின் கெட்டியான செம்மண்ணை இரும்பு இல்லாமல் அவ்வளவு ஆழம் தோண்டியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். போர்களுக்கு நடுவே நாம் கவனிக்கத் தவறுவது இந்த வேலையைத்தான்.

அவருடைய பேரன் ஆண்ட்ரியஞ்சாக்கா, சுமார் 1610இல் அனலமங்கா குன்றைப் பிடித்தார்; அதுவே இன்றைய தலைநகர் அந்தனனரிவோ. குன்றின் அடியில் பெட்சிமிடாடட்ரா சதுப்புநிலம் கிடந்தது. கரை கட்டி, நீரை வடித்து, அதை நெல்வயலாக்கும் வேலை அவர் காலத்தில் தொடங்கிப் பல தலைமுறை நடந்தது. அதற்கு உழைத்தது அங்காடி என்ற மண்வெட்டி: நீண்டு குறுகிய இரும்புத் தகடு, நேரான மரக்காம்பு. நம் மண்வெட்டியைப் போல ஓங்கி வெட்டுவதில்லை. உடல் எடையைக் கொடுத்து நேரே மண்ணில் இறக்கிக் கட்டியைப் புரட்டுவார்கள். 1787 முதல் 1810 வரை ஆண்டு, சிதறிய இமெரினாவை மீண்டும் ஒன்றாக்கிய ஆண்ட்ரியனம்பொய்னிமெரினாவின் படைக்குச் சோறு போட்டவை இந்த வயல்கள்தான்.

1837இல் பிரெஞ்சுக்காரர் ஜான் லபோர்ட் மன்தசோவாவில் பெரிய உலைகள் அமைத்து, அரசி முதலாம் ரனவலோனாவுக்குப் பீரங்கிகள் வார்த்தார். ஆயிரக்கணக்கானோர் கூலியில்லாமல், கட்டாயத்தின் பேரில் அங்கே உழைத்தார்கள். 1857இல் லபோர்ட் நாடு கடத்தப்பட்டதும் ஆலைகள் கைவிடப்பட்டன. கிராமத்துக் கொல்லர்களின் உலைகள் அணையவில்லை. பழைய இரும்பைக் காய்ச்சி அங்காடி அடிப்பது இன்றும் நடக்கிறது.

அந்தனனரிவோவுக்குப் போகிறவர்கள் குன்றின் உச்சியிலுள்ள ரோவா அரண்மனையோடு திரும்பிவிடுகிறார்கள். அலசோரா நகரின் தென்கிழக்கு விளிம்பிலேயே இருக்கிறது. அங்கும் ஒருமுறை போய் வாருங்கள்.