மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள்: தேய்மானம் சொல்லும் கதை

2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கட வயதுக்காரர் பலர் வீட்டில் ஒரு கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருப்போம். "நாங்கள் மண்ணெண்ணெயிலயே மோட்டச் சைக்கிள் ஓடின ஆக்கள்." அதில் இருக்கிற பெருமை நியாயமானதுதான். ஆனால் கதை எப்பவும் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. மண்ணெண்ணெய் குடித்த எஞ்சினுக்கு உள்ளே என்ன நடந்தது என்று நாங்கள் கேட்பதில்லை.

1990 யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்ட பொருட்கள் பல. மின்சாரமும் நின்றுபோனது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்த மண்ணெண்ணெய்தான் ஜாம் போத்தல் விளக்குக்கும், தோட்டத்துத் தண்ணீர் இறைக்கும் மெசினுக்கும், மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவாக இருந்தது. பெற்றோல் சின்னப் போத்தல்களில், பெருவிலைக்குத்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தின் வண்டி என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது ஹொண்டா எம்.டி. 90. ஜப்பான் தபாற்காரருக்காகச் செய்யப்பட்ட வண்டி அது. ஹொண்டா சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. 1958இல் முதல் சூப்பர் கப் வந்தபோது கேம் ஷாஃப்ட் எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருந்தது. 1960களின் நடுவில் ஹொண்டா அதைச் சிலிண்டர் ஹெட்டுக்குள் கொண்டுபோனது. டைமிங் செயின் அதைச் சுற்றும். அதில் இருக்கிற இரண்டு மேடுகள் இரண்டு ரொக்கர் ஆம்களைத் தள்ளும். அவை வால்வுகளைத் திறக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றினால் கேம் 2000 தடவை சுற்றும். அதாவது ஒவ்வொரு ரொக்கர் ஆமும் நிமிடத்துக்கு 2000 உரசல்களைத் தாங்க வேண்டும். மேடும் ஆமும் முட்டும் இடம் ஒரு மெல்லிய கோடு மாதிரித்தான். அந்தக் கோட்டில் இரண்டு இரும்பையும் பிரித்து வைத்திருப்பது ஒயில் படலம் மட்டுமே.

மண்ணெண்ணெய் கை வைத்தது இந்தப் படலத்தில்தான். அது பெற்றோல் மாதிரி இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றவே பற்றாது. அதனால் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்படியும் முழுக்க எரியாது. வெள்ளைப் புகையாகப் போனது போக, மிச்சம் சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கும். கீழே இருப்பதோ ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில். கியருக்கும் கிளச்சுக்கும் கேமுக்கும் அதே ஒயில்தான். ஓட ஓட ஒயிலின் மட்டம் குறையாமல் கூடினால் சந்தோசப்பட ஏலாது. மணந்து பார்த்தால் மண்ணெண்ணெய் நாறும்.

தண்ணியாய்ப் போன ஒயிலால் அந்தக் கோட்டைக் காக்க முடியாது. கேம் மேட்டிலும் ரொக்கர் ஆமின் முகத்திலும் கடினப்படுத்திய மேல்தோல் ஒன்று இருக்கும். அது தேய்ந்து பள்ளம் விழுந்தால், உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வேகமாய்க் கரையும். முதலில் டப்பட் சத்தம் கேட்கும். ஸ்குரூவைத் திருகி இடைவெளியைச் சரிபண்ணினால் சத்தம் அடங்கும். ஆனால் மேட்டின் உயரம் திரும்பி வராது. வால்வு முன்னைப்போலத் திறக்காது, இழுவையும் குறையும். சத்தம் நின்றதால் எஞ்சின் சுகமாகிவிட்டது என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுவது உலகத்துக்குப் புதிதல்ல. பிரித்தானியாவில் ஃபெர்குசன் டி.ஈ. 20 ட்ராக்டருக்கு, மண்ணெண்ணெயைப் போன்ற எரிபொருளில் ஓடும் வடிவம் 1949இல் வந்தது. அதையும் பெற்றோலில்தான் ஸ்டார்ட் பண்ணுவார்கள். ஆனால் அந்த எஞ்சினில் அழுத்த விகிதத்தைக் குறைத்து, எரிபொருள் ஆவியாகும் அளவுக்குச் சூடேற்றும் ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். எம்.டி. 90 பெற்றோலுக்காகச் செய்யப்பட்ட எஞ்சின். அங்கே தொழிற்சாலை யோசித்துச் செய்ததை இங்கே கராஜ்காரரும் வண்டிக்காரரும் சாவியோடும் சின்னப் போத்தலோடும் சமாளிக்க வேண்டியிருந்தது.

இந்தச் சமாளிப்பை "தமிழன்ர மூளை" என்று மட்டும் கொண்டாடினால், தடை செய்தது என்ன என்பது மறைந்துபோகும் என்று நாங்கள் நினைக்கிறோம். பெற்றோல் இல்லாததன் விலையை ஒவ்வொரு குடும்பமும் தேய்ந்த கேமாக, வராத இழுவையாக, புகை நிறைந்த ஒழுங்கையாகத் தவணை முறையில் கட்டியது. புத்திசாலித்தனம் உண்மை. அது வேறு வழியில்லாமல் பிறந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அதற்காகப் பழைய கேம் ஒன்றைக் கையில் எடுத்தவுடனே "இது தடை செய்த வேலை" என்று தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஒயில் மாற்றாமல் விட்டாலும், மட்டமான பாகம் போட்டாலும், வருசக்கணக்காக ஓடினாலும் கேம் தேயும். இரும்பு தனியே சாட்சி சொல்லாது. அந்த வண்டி எந்த வருசம் எதில் ஓடியது, எத்தனை தடவை ஹெட் கழற்றப்பட்டது என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து சொன்னால்தான் அது ஆதாரமாகும்.

அப்படிச் சொல்லக்கூடியவர்களுக்கு இப்ப வயது போய்விட்டது. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகு பெற்றோல் தாராளமாய் வந்தது. வன்னியில் 2006இல் பாதை மூடியதும் மண்ணெண்ணெய் திரும்பி வந்தது. இன்று பழைய கப் வண்டிகளைத் தேடி வாங்கி மினுக்கி எடுக்கிற ஆசை எங்கட ஆக்களிடம் கூடியிருக்கிறது. நல்லது. ஆனால் புதுக் கேம் போட்டவுடன் பழையது பழைய இரும்புக்குப் போகிறது. அதை எறிய முதல் ஒரு படம் எடுங்கோ. கழற்றிய மெக்கானிக் ஐயாவிடம், அந்த வருசங்களில் வந்த எஞ்சின்கள் எப்படி இருந்தன, ஒயிலுக்கு என்ன செய்தீர்கள், எதைத் திருத்த ஏலாமல் விட்டீர்கள் என்று கேட்டு எழுதி வையுங்கோ. தடையைப் பற்றிய அறிக்கைகளில் இந்த மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்காது.