குருவி விதைத்த வேலி

வீட்டுத் தோட்டத்திலே நாலு பறவை வந்து உட்கார வேண்டும் என்று செடி தேடுகிறீர்களா? நல்லதுதான்; பறவை வந்தால் புழு பூச்சி குறையும். ஆனால் எந்தச் செடி என்று பார்த்து வைக்கணும். அதற்கு உண்ணிச்செடியின் சரித்திரமே சாட்சி.

உண்ணிச்செடி நம் மண்ணில் பிறந்ததில்லை. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பூவின் அழகுக்காக ஐரோப்பியர் தம் தோட்டங்களில் வளர்த்தார்கள். 1809-ஆம் ஆண்டு வாக்கில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வந்தது; அழகுக்கும் வேலிக்கும் வைத்தார்கள். கொத்துக்கொத்தாய்க் கறுப்புப் பழம். கொண்டைக்குருவியும் மைனாவும் தின்று, போன இடமெல்லாம் எச்சத்தோடு விதையைப் போட்டன. வேலியில் இருந்தது காட்டுக்குப் போச்சு. 1921-ல் ஹவாயிலிருந்து அதன் விதையைத் தின்னும் ஈயைக்கூடத் தருவித்துப் பார்த்தார்கள். அடங்கவில்லை. இன்றைக்கு முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் புல் முளைக்க இடம் விடாமல் மண்டிக் கிடக்குது. தீவனம் இல்லாத காலத்தில் மாடு அதன் தழையைத் தின்றால் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடிக்கும்.

குருவி மேல் குற்றமில்லைங்க. நாம் எதை வைக்கிறோமோ, அதைத்தான் அது ஊரெல்லாம் விதைக்கும். ஆகவே வேலிக்குக் களா வையுங்கள். மூலைக்கு ஒரு நறுவிலி, ஓர் இலந்தை. பழம் குருவிக்கும் ஆச்சு, பிள்ளைகளுக்கும் ஆச்சு. தோட்டத்தில் உண்ணிச்செடி இருந்தால், காய்க்கும் முன்பே மண்ணுக்குக் கீழே வேரை வெட்டித் தலைகீழாய்ப் போட்டு உலர விடுங்கள். மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும்.