லோஹான் மீனின் வரலாறு

2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பல வீடுகளின் வரவேற்பறையில் லோஹான் மீன் இடம்பிடித்தது. அதன் நெற்றிப் புடைப்பு நல்வாய்ப்பைத் தரும் என்றும், உடலில் உள்ள கோடுகளில் நான்கிலக்கக் குலுக்கல் எண் தெரியும் என்றும் பலர் நம்பினர்.

இம்மீன் எந்த ஆற்றிலும் இயற்கையாகத் தோன்றியதன்று. 1990களில் மலேசிய வளர்ப்பாளர்கள் நடு அமெரிக்கச் சிக்லிட் இனங்களைக் கலந்து இதனை உருவாக்கினர். அவ்வினங்கள் ஆணும் பெண்ணுமாக நின்று முட்டையையும் குஞ்சுகளையும் காப்பவை. நெருங்கும் மீனைத் துரத்துபவை. ஏரியில் தோற்ற மீன் விலகி ஓடிவிடும். சண்டை அத்துடன் முடியும். இரண்டடித் தொட்டியில் ஓடுவதற்கு இடமேது? தோற்ற மீன் சாகும்வரைகூடத் தாக்கப்படும்.

ஆகவே, அனுபவமுள்ளோர் தொட்டிக்கு ஒரு மீன் என வளர்த்தனர். இணைசேர்க்கும்போது நடுவே தடுப்பு வைத்தனர். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டி மீனைச் சீறவைத்து மகிழ்ந்தோரும் உண்டு. மோகம் தணிந்தபின் ஆறுகளிலும் குளங்களிலும் விடப்பட்ட மீன்கள், அங்குள்ள மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டியிட்டன.

விலங்குகள் குஞ்சுகளைக் காக்கும் முறையைக் கற்பிக்கையில் இவ்வரலாற்றை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. "கெட்ட மீன், ஆசிரியர்!" என்று யாராவது சொல்வர். "குஞ்சைக் காக்கும் குணம் கெட்டதா?" என்று கேட்பேன். சற்று யோசித்தபின், தொட்டிதான் சிறியது என்று அவர்களே கண்டுகொள்வர்.

மீன் வளர்க்க விரும்பும் பெற்றோரே, கடைக்குச் செல்லுமுன் தொட்டியின் அளவைப் பற்றிப் பிள்ளைகளுடன் பேசுங்கள்.